முன்செயலாக்கம் எனும் ஒற்றை வரி

கணினித்துறை மாநாட்டிற்கு ஆய்வுக்கட்டுரை அனுப்புவது தமிழாய்வாளருக்குப் புறம்பான பணி என்னும் எண்ணம் நம் துறைகளில் இன்றும் நிலவுகிறது. 1997இல் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடியது முதல் தமிழ்க்கணிமை பற்றிய உரையாடல் தொடர்ந்து வந்தும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. தமிழ்த் தரவை ஆளும் கணினிமொழியியல் கட்டுரைகள் பலவற்றில் தமிழ் படித்தவரின் பங்கு, தரவுக்குக் குறியிட்டுத் தருவதோடு நின்று நன்றியுரையில் ஒரு வரியாக முடிகிறது. இதற்குக் கணினியாளரை மட்டும் குறைகூறுவதற்கில்லை. கட்டுரை ஆயத்தமாகும் கட்டத்தில் நாம் அங்கு இருப்பதில்லை என்பதே உண்மை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் நன்று. நம் கருத்தரங்குகளில் சுருக்கம் ஏற்கப்பட்டாலே கட்டுரை ஏற்கப்பட்டதாகும். கருத்தரங்க நாளன்றே கோவை வெளியிடப்பெறுவதும் உண்டு. கணினித்துறையில் மாநாட்டுக் கட்டுரையே முதன்மை வெளியீடு. கணினிமொழியியலுக்கான ஏ.சி.எல். மாநாடுகளில் நெடுங்கட்டுரைக்கு எட்டுப் பக்கம், குறுங்கட்டுரைக்கு நான்கு பக்கம் என வரம்பு உண்டு. துணைநூற்பட்டியல் அவ்வரம்பில் சேராது. எழுதியவர் யாரென மதிப்பீட்டாளரும், மதிப்பிடுபவர் யாரென எழுதியவரும் அறியார். ஆகவே, நெறியாளர் பெயரும் நிறுவனத்தின் பெருமையும் அங்கே துணைக்கு வாரா.

எட்டுப் பக்கத்திற்குள் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. சங்கப்பாடல்களைத் தரவாகக் கொள்ளும் கட்டுரையொன்று, பாடல்கள் மதுரைத் திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டன, முன்செயலாக்கத்திற்குப் பின் சொற்களாகப் பிரிக்கப்பட்டன என ஓரிரு வரிகளில் கூறி மாதிரியமைப்பிற்குச் சென்றுவிடும். அவ்வரிகளுக்குள்தான் பதிப்பாராய்ச்சியும் புணரியலும் உரைமரபும் அடங்கிக் கிடக்கின்றன.

குறுந்தொகையை எடுத்துக்கொள்வோம். 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரும் 1937இல் உ.வே.சாமிநாதையரும் அதனைப் பதிப்பித்தனர். சுவடிகளை ஒப்பிட்ட எவா வில்டனின் செம்பதிப்பு 2010இல் வெளிவந்தது. எப்பதிப்பின் பாடம் தரவாயிற்று என்று சொல்லாத கட்டுரையின் முடிவை நாம் எங்ஙனம் சரிபார்ப்பது? ஆய்வுக்குரிய மொழியின் பெயரைக் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என எமிலி பெண்டர் கணினிமொழியியலாரிடம் வலியுறுத்தி வந்திருக்கிறார். தமிழ்ச் செவ்வியல் நூல்களைப் பொறுத்தவரை மொழியின் பெயர் போதாது. பதிப்பின் பெயரும் வேண்டும்.

சொற்பிரிப்பு இதனினும் நுட்பமானது. ‘செம்பொன்பதின்றொடி’ என்பதைச் செம்பொன் பதின்தொடி என்றும், செம்பு ஒன்பதின்தொடி என்றும் பிரிக்கலாம். எழுத்து ஒன்றாயிருந்தும் பொருள் வேறுபடும் இத்தகைய புணர்ச்சியைத் தொல்காப்பியம் புணரியலிலேயே பேசி, இசைவேறுபாட்டால் அது தெளியும் என்கிறது. கணினிக்குக் கிடைப்பது எழுத்து வரிசை மட்டுமே; இசை கிடைப்பதில்லை. ஆக, பிரித்துத் தருபவர் பொருள்கோளைத் தேர்ந்து தருகிறார். அதனை முன்செயலாக்கம் என்று பெயரிட்டு ஒதுக்குவது, உரையாசிரியரின் பணியை எழுத்தரின் பணியாகக் கருதுவதற்கு ஒப்பாகும். (ஒருங்குறியில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரு குறியீடாகவும் இரு குறியீடுகளாகவும் உள்ளிட முடியும் என்பதால், பார்வைக்கு ஒன்றான சொல் எண்ணிக்கையில் இரண்டாவதும் உண்டு. இதனைக் கணினியாளர் உடனே சீர்செய்துவிடுவர்; முன்னதை அவ்வாறு சீர்செய்ய இயலாது.)

குறியிடுபவர்களிடையே எழும் கருத்துவேறுபாட்டையும் இங்குச் சுட்டவேண்டும். இருவர் குறிப்புகள் எவ்வளவு ஒத்துள்ளன என்பதை ஜேக்கப் கோகன் 1960இல் முன்வைத்த கப்பா அளவையால் கணித்து எழுதுவது அங்கு வழக்கம். தற்செயலான ஒப்புமையைக் கழித்துப் பார்க்கும் அளவை இது. இருவரும் நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் ‘அன்று’ என்றே குறிப்பவராயின், தற்செயலாகவே 82 விழுக்காடு ஒப்புமை அமையும். அவர்கள் 90 விழுக்காடு ஒத்துப்போனாலும் கப்பா ஏறத்தாழ 0.44தான். நம் ஆய்வுகளில் காணும் ‘பெரும்பாலும் ஒத்துள்ளது’ என்னும் தொடரைவிட இது நேர்மையானது; நாம் கைக்கொள்ளத்தக்கது. ஆனால் வேறுபாட்டைப் பிழையெனக் கருதிப் பெரும்பான்மையால் தீர்க்கும் வழக்கத்தை ஏற்பதற்கில்லை. மணக்குடவரும் பரிமேலழகரும் அதிகாரத்திற்குள் குறள்களின் வைப்புமுறையிலேயே வேறுபடுகின்றனர். மூன்றாவது உரைகாரரைக் கொண்டு வாக்கெடுத்து அதனைத் தீர்ப்பாரும் உளரோ? இரு பாடத்தையும் இரு பொருளையும் தரவிலேயே நிறுத்துவதற்கான நியாயத்தைத் தமிழ் கற்றவரே எழுதியாகவேண்டும்.

அதற்குரிய இடமும் அங்கேயே உள்ளது. ஏ.சி.எல். மாநாடுகள் ‘வரம்புகள்’ என்னும் பகுதியைக் கட்டாயமாக்கியுள்ளன. அது பக்கக் கணக்கில் சேராது. தன் ஆய்வு எங்கெங்குச் செல்லுபடியாகாது என்பதை ஆய்வாளரே எழுதவேண்டிய பகுதி அது. நம் ஆய்விதழ்களில் இதற்கு இணையான பகுதி இல்லை. ‘மேலாய்வுக் களங்கள்’ என நாம் எழுதுவது பிறருக்கான பணிப்பட்டியல்.

குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். 1937ஆம் ஆண்டுப் பதிப்பும் 2010ஆம் ஆண்டுப் பதிப்பும் சொற்பிரிப்பில் மாறுபடும் இடங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றிற்கும் புணர்ச்சிவிதியும் உரைச்சான்றும் தந்து, குறியிடும் நெறிமுறையோடு பொதுவில் வைத்தால் அது நான்கு பக்கக் குறுங்கட்டுரைக்குரிய பொருளாகும். முனைவர்ப்பட்ட ஆய்வாளர் ஒருவர் கணினித்துறை நண்பரொருவருடன் சேர்ந்து செய்யத்தக்க பணியே இது. அக்கட்டுரையில் எவர் பெயர் முதலில் நிற்கும் என்பதை மட்டும் பணி தொடங்கும் முன்னரே இருவரும் பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும்.