நாலு பாஷை தெரிந்த நாய்

எங்கள் வீட்டு மணிக்கு நாலு பாஷை தெரியும். கீழ்ப்படியத்தான் தெரியாது!

நான் 'சிட்' என்பேன். அம்மா, 'உட்காருடா ராசா' என்பாள். தம்பிக்கு விசில்தான் பாஷை. எதிர்வீட்டுத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். புதுச்சேரியில் 'சொல்தா' என்போமே, அந்த ரகம். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். அவர், 'அஸ்ஸி!' என்பார். மணி நாலு பேரையும் பார்த்துவிட்டுக் காதைச் சொறிந்துகொள்ளும்.

ஆபீஸில் ஆளுக்கொரு யோசனை. ''போலீஸ் நாய் மாதிரி டிரெய்னிங் கொடுங்க ஸார்!'' ''ஒரு மாசம் எங்கேயாவது விட்டுடுங்க, பழக்கித் தருவாங்க!'' நானோ, அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்கிற கட்சி.

போன மாசம் கேட் திறந்திருந்தது. மணி ரோட்டுக்குப் பாய்ந்துவிட்டது. எதிரே பஸ்! ''மணி, வா!'' என்று அலறினேன். நின்றது. என்னைப் பார்த்தது. வாலை இடுக்கிக்கொண்டு வேறு பக்கம் ஓடியது. பஸ்ஸுக்கும் அதற்கும் ஒரு முழம்தான். தாத்தா குந்தி உட்கார்ந்து, கையில் ரொட்டித் துண்டோடு மெதுவாகக் கூப்பிட்டார். போய்விட்டது!

''நீ எப்பல்லாம் 'வா'ன்னு கூப்பிடுவே தம்பி?''

யோசித்தேன். செருப்பைக் கடித்தால்... குளிப்பாட்ட... கட்டிப்போட... மணியின் அகராதியில் 'வா' என்றால் உதை!

1904-ல் நோபல் பரிசு வாங்கிய ரஷ்யர் பாவ்லோவ், சாப்பாட்டுக்கு முன்னால் சத்தம் எழுப்பிப் பழக்கினார். பிறகு சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறியது. அவர் மணியடித்தார். நான் மணியை அடித்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

தாத்தா சொன்ன டிரெய்னிங் இதுதான். ஒரு வேலைக்கு ஒரே வார்த்தை, வீடு முழுக்க அதே வார்த்தை. சொன்னதைச் செய்தால் ஓரிரு விநாடிக்குள் தின்பண்டம். தாமதித்தால் எதற்குக் கொடுத்தோம் என்று நாய்க்குப் புரியாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும். கூப்பிட்டு வந்த நாயை ஒருநாளும் திட்டக்கூடாது. காவல் டிரெய்னிங் வீட்டு நாய்க்கு வேண்டாம்.

டிரெய்னர் வைப்பதானால், 'நாய் தப்பு பண்ணினா என்ன செய்வீங்க?' என்று முதலில் கேளுங்கள். பெல்ட்டைக் காட்டினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புங்கள். 'நீங்களும் கூட வந்து கத்துக்கணும்' என்றால் சேருங்கள்.

இப்போது 'வா' என்றால் மணி பறந்து வருகிறது. ஆனால், பழக ஒரு மாசம் ஆயிற்று... எனக்கு!