லேப்டாப் ஓவர்கிளாக்: முதல்ல சூட்டை இறக்குங்க, அப்புறம் வேகத்தை ஏத்துங்க



சுகர், பிரஷர், தடுப்பூசின்னு எழுதுற டாக்டர் இன்னைக்கு கிராபிக்ஸ் கார்டுக்கு வந்துட்டாரேன்னு பாக்காதீங்க. நானும் ராத்திரி டூட்டி இல்லாத நாள்ல கேம் விளையாடுற ஆளுதான். காலேஜ் படிக்கிற தம்பி தங்கைகள் இன்பாக்ஸ்ல அடிக்கடி கேக்குற கேள்வி இது: "டாக்டர், கேமிங் லேப்டாப்பை ஓவர்கிளாக் பண்ணலாமா? ஏதாவது ஆகிடுமா?"

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். பண்ணலாம். ஆனா அது கடைசியா செய்ய வேண்டிய வேலை. நம்மாளுங்க அதை முதல் வேலையா செய்றாங்க. பிரச்சனையே அங்கதான்.

ஏன்னு விளக்குறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

1) லேப்டாப் வேற, டெஸ்க்டாப் வேற

டெஸ்க்டாப்ல கிராபிக்ஸ் கார்டு தனி உறுப்பு. கெட்டுப்போனா கழட்டிட்டு வேற போட்டுக்கலாம். பெரும்பாலான லேப்டாப்ல அந்த சிப் மதர்போர்டோட சேர்த்து சால்டர் பண்ணியிருக்கும். அது போச்சுன்னா போர்டையே மாத்தணும். வாரன்டி முடிஞ்சிருந்தா பில்லைப் பாத்து நமக்கே பிரஷர் ஏறும்.

இன்னொண்ணு. நிறைய மாடல்கள்ல பிராசஸருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் சூட்டைக் கடத்துற செப்புக் குழாய்கள் பொது. ஒண்ணு கொதிச்சா பக்கத்துல இருக்குறதும் சேர்ந்து வேகும். இத்தனையும் ரெண்டு விரல் தடிமன் பெட்டிக்குள்ள, அதுவும் பேட்டரிக்குப் பக்கத்துல. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது.

2) பேரு ஒண்ணு, டோஸ் வேற

"என் ஃப்ரெண்டு கோர் கிளாக்ல 150 ஏத்தியிருக்கான், நானும் ஏத்தலாமா?"

பாராசிட்டமால்ல 500 மில்லிகிராமும் இருக்கு, 650-ம் இருக்கு. பேரு ஒண்ணுதான். அதே மாதிரி ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்புக்கு என்விடியா கொடுத்திருக்குற மின்சக்தி வரம்பு 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும். எத்தனை வாட் கொடுக்கணும்ங்கறதை லேப்டாப் கம்பெனி முடிவு பண்ணும். மெலிசான மாடல்ல ஒரு அளவு, தடிமனான மாடல்ல வேற அளவு. ரெண்டு பெட்டியிலயும் ஸ்டிக்கர் மட்டும் ஒண்ணு.

ஒரே மாடல்லகூட ஒரு சிப் மாதிரி இன்னொரு சிப் இருக்காது. தயாரிப்புலயே சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். அடுத்தவர் சீட்டைக் காட்டி மருந்து வாங்கக்கூடாதுன்னு சொல்றோம்ல? யூடியூப்ல பாத்த நம்பரை அப்படியே போடுறதும் அதேதான்.

3) காய்ச்சல் இருக்குறப்ப ஓடச் சொல்லாதீங்க

வெயில்ல கடுமையா வேலை செஞ்சா உடம்பு வியர்க்கும், சோர்வு வரும், கை கால் வேகம் தானா குறையும். அது பாதுகாப்பு ஏற்பாடு. சிப்புக்கும் அது உண்டு. சூடு ஏற ஏற அது தன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கும். 87 டிகிரி செல்சியஸ் பக்கம் போச்சுன்னா பல லேப்டாப்கள்ல வேகம் நல்லாவே இறங்கிடும். கேம் ஆரம்பிச்ச பத்து நிமிஷம் ஜோரா ஓடி, அப்புறம் திக்கித் திணறுறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த நிலையில வேகத்தை ஏத்தினா என்ன ஆகும்? சூடு கூடும், வேகம் இன்னும் இறங்கும். ஏத்துறோம்னு நினைச்சு இறக்கிக்கிட்டிருப்பீங்க.

விமர்சகர்கள் ஏசி அறையில சோதிச்சு நம்பர் கொடுக்குறாங்க. மே மாசம் நம்ம ஊர் மாடி அறையில 35 டிகிரி. அறை பத்து டிகிரி கூடினா சிப்பும் ஏறத்தாழ அந்த அளவு கூடும். சோதிச்சவர்கிட்ட 76 காட்டினது உங்ககிட்ட 86 காட்டும். இதை யாரும் வீடியோவுல சொல்றதில்ல.

4) அப்ப முதல்ல என்ன செய்யணும்?

அ) கட்டில், மெத்தை, தலையணை மேல வைக்காதீங்க. கெட்டியான மேசையில, பின்பக்கத்தை ரெண்டு சென்டிமீட்டர் தூக்கி வைங்க. காத்து உள்ள போக வழி வேணும்.

ஆ) தூசி. லேப்டாப்பை ஆஃப் பண்ணி, சார்ஜரைக் கழட்டி, ஃபேன் சுத்தாம பிடிச்சுக்கிட்டு ஊதி எடுங்க. உள்ள திறக்கத் தெரியலன்னா சர்வீஸ்ல கொடுங்க. சில மாடல்கள்ல பேஸ்டுக்குப் பதிலா லிக்விட் மெட்டல் வச்சிருப்பாங்க. அது மின்சாரம் கடத்தும். போர்டுல சிந்தினா கதை முடிஞ்சது. தெரியாம திறக்காதீங்க.

இ) ஃபிரேம் ரேட்டுக்கு வரம்பு வைங்க. உங்க திரை 144 ஹெர்ட்ஸ்னா 200 ஃபிரேம் ஓட்டி சூடேத்த அவசியமில்ல.

ஈ) அண்டர்வோல்ட். இதுதான் என் முதல் பரிந்துரை. சிப் இயங்கும்போது இழுக்குற மின்சக்தி வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தைக் குறைக்காம வோல்டேஜை மட்டும் 10 சதவீதம் குறைச்சா, 0.9 x 0.9 = 0.81. அந்தச் செலவுல ஏறத்தாழ 19 சதவீதம் மிச்சம். மின்சக்தி வரம்பு பூட்டியிருக்குற லேப்டாப்ல இந்த மிச்சத்தை சிப் தானா வேகமா மாத்திக்கும். சூடும் குறையும், வேகமும் கூடும்.

என்விடியா சிப்னா எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ல கண்ட்ரோல் பட்டனோட எஃப் அழுத்தினா வோல்டேஜ் வளைவு வரும். இப்ப எந்த வேகம் ஓடுதோ அதை 25 மில்லிவோல்ட் கம்மியா ஓட்டிப் பாருங்க. நிலையா இருந்தா இன்னொரு 25. சில மாடல்ல கம்பெனி இதைப் பூட்டியிருப்பாங்க. அப்ப விட்டுடுங்க.

இந்த நாலும் செஞ்ச பிறகு பாதிப் பேருக்கு ஓவர்கிளாக் ஆசையே போயிடும்னு நான் நம்புறேன்.

5) அதுக்கு மேலயும் வேணும்னா

சின்ன டோஸ்ல ஆரம்பி, மெதுவா ஏத்து. எங்க தொழில்ல முதியவர்களுக்கு மருந்து கொடுக்குற விதி. இங்கயும் அதேதான்.

முதல்ல ஆஃப்டர்பர்னரை அதிகாரப்பூர்வத் தளத்துல இருந்து மட்டும் இறக்குங்க. 2021-ல அந்த சாஃப்ட்வேர் பேர்லயே போலித் தளம் வச்சு வைரஸ் பரப்புறாங்கன்னு எம்எஸ்ஐயே எச்சரிச்சது.

எதையும் தொடாம, நீங்க தினமும் ஆடுற கேமை அரை மணி நேரம் சார்ஜர் போட்டு ஓட்டுங்க. வெப்பம், வேகம், ஃபிரேம் மூணையும் குறிச்சு வைங்க. அட்மிஷன் அன்னைக்கே நாங்க பல்ஸ், பிரஷர் குறிக்கிறது எதுக்கு? மாற்றம் தெரியணும்னா தொடக்கம் தெரியணும்.

அப்புறம் கோர் கிளாக்கை மட்டும் 25 மெகாஹெர்ட்ஸ் ஏத்துங்க. அரை மணி நேரம் ஓட்டுங்க. சரியா இருந்தா இன்னொரு 25. பல சிப்கள் 100-லிருந்து 150-க்குள்ள எங்கயாவது நின்னுடும். அதை முடிச்சிட்டுத்தான் மெமரி கிளாக். 100, 100-ஆ. ரெண்டையும் ஒண்ணா ஏத்தாதீங்க. ரெண்டு புது மருந்தை ஒரே நாள்ல ஆரம்பிச்சு அரிப்பு வந்தா எதால வந்ததுன்னு எப்படிச் சொல்வீங்க?

எப்ப நிறுத்தணும்?

- திரையில கலர் புள்ளி, கோடு, மின்னல்.
- திரை கறுத்துப்போய், டிரைவர் தானா மறுபடி தொடங்குறது. சிப் ரெண்டு விநாடி பதில் சொல்லலன்னா விண்டோஸ் அதை மீட்டமைக்கும்.
- மெமரியை ஏத்தியும் ஃபிரேம் குறையுறது. உள்ள பிழை திருத்தவே நேரம் போகுதுன்னு அர்த்தம்.
- வெப்பம் 85 டிகிரியைத் தாண்டுறது.

இதுல ஒண்ணு வந்தாலும் ரெண்டு படி இறங்கி அங்கயே நில்லுங்க. ஒரு வாரம் நிலையா ஓடின பிறகுதான் 'விண்டோஸ் தொடங்கும்போதே போடு'ங்கற பட்டனைத் தொடணும். மின்சக்தி வரம்பைத் தாண்ட வேற வி-பயாஸ் ஏத்துறது மட்டும் வேண்டவே வேண்டாம். அது டோஸ் மாத்துற வேலை இல்ல, வீட்டு அடுப்படியில ஆபரேஷன் பண்ற வேலை.

6) இதெல்லாம் செஞ்சு என்ன கிடைக்கும்?

நேர்மையா சொன்னா 5-லிருந்து 10 சதவீதம். 60 ஃபிரேம் ஓடுனா 63-லிருந்து 66. ஷேடோ செட்டிங்கை ஒரு படி குறைச்சாலே பல கேம்ல இதைவிட அதிகம் கிடைக்கும். காசும் ஆகாது, ஆபத்தும் இல்ல.

7) "என் காசு, என் லேப்டாப், இவங்க யாரு பூட்டுறதுக்கு?"

நியாயமான கேள்வி. 2015 பிப்ரவரியில என்விடியா, ஜிடிஎக்ஸ் 900எம் வரிசை லேப்டாப்கள்ல ஓவர்கிளாக் வசதியை டிரைவர் மூலமா அடைச்சது. லேப்டாப்கள் இதுக்காக வடிவமைக்கப்படலன்னு காரணம் சொன்னாங்க. வாடிக்கையாளர்கள் கொதிச்சதும் அதே மாசம் பின்வாங்கி, அடுத்த டிரைவர்ல திருப்பித் தர்றதா அறிவிச்சாங்க.

என்னைக் கேட்டா ரெண்டு பக்கமும் உண்மை இருக்கு. வாங்கின பொருள் மேல உரிமை வாங்கினவருக்குத்தான். கம்பெனி சொன்ன சூட்டுப் பிரச்சனையும் பொய் இல்ல. உரிமை கைக்கு வந்தா அளவு தெரிஞ்சு பயன்படுத்துற பொறுப்பும் நம்ம கைக்கு வருது.

8) டாக்டரா ஒரு வார்த்தை

லேப்டாப்னு பேரு இருந்தாலும் கேம் ஓடுறப்ப மடியில வைக்காதீங்க. தோலைச் சுடாத அளவு சூடுகூட, தினமும் பட்டுக்கிட்டே இருந்தா வலை பின்னின மாதிரி பழுப்புத் தழும்பு வரும். எரித்தீமா அப் இக்னேன்னு பேரு. தினமும் சில மணி நேரம் மடியில வச்சு கேம் ஆடின 12 வயசுப் பையனுக்குத் தொடையில இது வந்ததை சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2010-ல 'பீடியாட்ரிக்ஸ்' இதழ்ல பதிவு செஞ்சிருக்காங்க.

ஆண்கள் கவனத்துக்கு: 2005-ல அமெரிக்காவுல 29 ஆரோக்கியமான இளைஞர்கள்கிட்ட நடந்த ஆய்வுல, ஒரு மணி நேரம் லேப்டாப்பை மடியில வச்சிருந்தப்ப விதைப்பை வெப்பம் 2.6-லிருந்து 2.8 டிகிரி வரை கூடுச்சு. விந்தணு உற்பத்திக்கு உடம்பைவிடக் குறைஞ்ச வெப்பம் வேணும்னுதான் இயற்கை அதை வெளிய வச்சிருக்கு. இது சாதா லேப்டாப் கணக்கு. ஓவர்கிளாக் பண்ண கேமிங் லேப்டாப்பை நீங்களே யோசிச்சுக்கோங்க.

சுருக்கமா:

மேசை, தூசி, ஃபிரேம் வரம்பு, அண்டர்வோல்ட், கடைசியா ஓவர்கிளாக். இந்த வரிசையை மாத்தாதீங்க.

இதை ஏன் இவ்வளவு நீளமா எழுதினேன்னா, நம்ம வீடுகள்ல பலருக்கு கேமிங் லேப்டாப் விளையாட்டுப் பொருள் மட்டும் இல்ல. ப்ராஜெக்ட், இன்டர்வியூ, எடிட்டிங், பார்ட் டைம் வேலை எல்லாம் அந்த ஒரே பெட்டியிலதான். அப்பாவோ அம்மாவோ இன்னும் அதுக்கு இஎம்ஐ கட்டிக்கிட்டிருப்பாங்க. ஆறு ஃபிரேமுக்காக அதைப் பணயம் வைக்கலாமான்னு ஒரு தடவை யோசிச்சிட்டு, அப்புறமா அந்த ஸ்லைடரைத் தொடுங்க.

சந்தேகம் இருந்தா உங்க மாடல், அறை வெப்பம், அரை மணி நேரம் ஓடின பிறகு வர்ற சிப் வெப்பம் மூணையும் கமெண்ட்ல போடுங்க. தெரிஞ்சதைச் சொல்றேன்.