காற்றாலை காட்டுவோர் கணக்கையும் காட்டட்டும்!

துணி வாங்க வரும் வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் கோவை, திருப்பூர் முதலாளிகள் பலர் இப்போது பெருமையோடு காட்டுவது இரண்டு. ஒன்று, ஆலைக் கூரையில் பதித்த சூரியத் தகடு. மற்றொன்று, முப்பந்தலிலோ உடுமலைப் பக்கமோ ஆலைக் கணக்கில் சுழலும் காற்றாலை. "எங்கள் சரக்கு பசுமைச் சரக்கு" என்கிறார்கள்.

நல்ல காரியம்தான். 2012இல் பல மணி நேர மின்வெட்டால் ஆலைகள் நின்றபோது கூலி இழந்தவர்கள் நாம். கணவாய்க் காற்று கதிரை ஓட்டினால் நமக்கும் சந்தோஷமே.

ஆனால் இதற்கு முதல் போட்டது யார்? 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சர்க்கார் பணத்தில் காற்றாலைகளை நிறுத்தி வழிகாட்டியது பொதுத்துறை. பின்னர் வந்த முதலாளிகளோ, காற்றாலையின் விலையில் 80 சதவீதத்தை ஓராண்டிலேயே தேய்மானம் என்று கழித்து வரியைக் குறைத்துக்கொண்டார்கள். 2012இல் நிறுத்தப்பட்ட இச்சலுகை 2014இல் திரும்ப வந்தது. 2017இல்தான் 40 சதவீதமாகக் குறைந்தது. சர்க்கார் விட்டுக்கொடுத்த வரி யாருடையது? ஜனங்களுடையது. மின்சாரம் ஆலைக்கு வந்துசேரும் கம்பியும் பொதுச்சொத்தே.

மின்சாரம் பாதிக் கதை. மறுபாதி, சாயப்பட்டறையின் நீராவி. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்பது கண்டிப்பாயிற்று. நொய்யலுக்கு இது அவசியம். ஆனால் உப்புக்கழிவைக் காய்ச்சி வற்றவைக்க மேலும் நீராவி வேண்டும். மேலும் விறகு வேண்டும். வெயிலில் சீமைக்கருவேலை வெட்டுபவர் விவசாயத் தொழிலாளி. அதை அனலில் தள்ளுபவர் பாய்லர் தொழிலாளி.

சிக்கனம் ஆரம்பிக்கவேண்டிய இடம் இதுதான். வேலை முடித்த நீராவி சுடுநீராகிறது. அதைச் சாக்கடையில் விடாமல் பாய்லருக்கே திருப்பலாம். பாய்லருக்குள் போகும் தண்ணீரின் சூடு 6 டிகிரி ஏறினால் எரிபொருளில் சுமார் 1 சதவீதம் மிச்சம். 30 டிகிரி ஏறினால், நூறு வண்டி விறகில் ஐந்து வண்டி மிச்சம்! வெறுங்குழாய்க்கு உறை போட்டால் விறகும் குறையும். பக்கத்தில் நிற்பவர் படும் வெக்கையும் குறையும். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த வால்வு பழுது என்பது அங்கே நிற்கும் தொழிலாளிக்குத் தெரியும். அவரை யார் கேட்கிறார்கள்?

ஆகவே, 'மாதிரி ஆலை' என்று பலகை மாட்டுவோர் மூன்று காரியங்கள் செய்யட்டும். மாதந்தோறும் மிச்சமான மின்சாரம், விறகின் கணக்கை நோட்டீஸ் பலகையில் ஒட்டட்டும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கைக் காற்றோட்டத்துக்கும் கூலி உயர்வுக்கும் ஒதுக்கட்டும். பக்கத்துச் சிறு பட்டறைக்காரர்களும் தொழிலாளரும் பார்த்துக் கற்றுக்கொள்ள வாசலைத் திறக்கட்டும்.

தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே இந்த மூன்றையும் கோரிக்கையாக வைக்கவேண்டும். விறகு வெட்டும் தோழர்களின் கூலியையும் அதோடு சேர்த்துப் பேசவேண்டும்.

வெளிநாட்டு வியாபாரிக்குத் திறக்கும் கதவு, உள்ளே வேர்வை சிந்துபவருக்கு மட்டும் மூடிக்கிடக்கலாமா? தட்டுவோம், தோழர்களே! ஒன்றாக நின்று தட்டுவோம்!