விடுமுறை முடிந்து யார் எங்கே திரும்புகிறார்கள்?

கோவாவிலிருந்தோ அந்தமானிலிருந்தோ ஊர் திரும்பும் இணையர் இடும் கடைசிப் படத்தின் கீழே பெரும்பாலும் ஒரே வாசகம் இருக்கிறது: "மீண்டும் யதார்த்தத்திற்கு." அந்தி வெளிச்சம், ஈரமணலில் இரண்டு ஜோடிக் காலடிகள், கீழே இந்தப் பெருமூச்சு. நண்பர்கள் உடனே அனுதாபம் தெரிவிக்கின்றனர். இருவரும் ஒரே இடத்திற்குத் திரும்புவதாக அவ்வாசகம் சொல்கிறது. அங்கேதான் பொய் தொடங்குகிறது. இருவரும் வேலை பார்க்கும் வீடாயின், கணவர் அலுவலகத்திற்குத் திரும்புகிறார். மனைவி அலுவலகத்திற்கும் அடுக்களைக்குமாகத் திரும்புகிறார். விடுமுறைக்குப் பிந்தைய சோர்வு என்று பேசப்படுவதில் பெரும்பங்கு வேலைப் பங்கீட்டைப் பற்றியது. அதை மனநிலையாகச் சித்திரிப்பது யாருக்கு வசதி என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

முதலில் கடற்கரையைப் பார்க்கலாம். தெற்குக் கோவாவின் பாலோலெமிலோ அகோண்டாவிலோ ஐந்து நாள் தங்கும் இணையர் அந்த ஐந்து நாளும் ஏறக்குறையச் சமமானவர்கள். இருவரும் ஒரே நேரத்தில் எழுகிறார்கள். ஒரே நேரத்தில் உண்ண அமர்கிறார்கள். உண்டு முடித்ததும் இருவரும் எழுந்து போகிறார்கள். தட்டு அங்கேயே கிடக்கிறது. வீட்டில் ஒருபோதும் நிகழாத அதிசயம் இது. இதைக் காதலின் மறுமலர்ச்சி என்று இருவரும் நம்புகிறார்கள். உண்மையில் இச்சமத்துவத்தை உண்டாக்கியவர்கள் வேறு சிலர்: விரிப்பை மாற்றியவர், குளியலறையைக் கழுவியவர், மீனை அரிந்தவர், தட்டை எடுத்துச் சென்றவர். கர்நாடகம், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் எனப் பல மாநிலங்களிலிருந்து பருவகால வேலைக்கு வருவோர் அவர்களுள் பலர். மூன்றாமவரின் கைகள் வேலையை எடுத்துக்கொண்டதால் இருவருக்குமிடையே பூசலுக்குப் பொருளில்லாமல் போயிற்று. கடலுக்கு அதில் பங்கில்லை.

அந்தக் கைகள் ரயில் ஏறி வருவதில்லை. மட்காவில் ஏறி நிஜாமுதீனில் இறங்கிக் கதவைத் திறந்த கணத்தில் வீடு தன் பட்டியலை நீட்டுகிறது. மணலேறிய துணியைத் துவைக்க வேண்டும், கெட்டுப்போன தயிரைக் கொட்ட வேண்டும், பால்காரருக்குச் சொல்ல வேண்டும், மறுநாள் மதிய உணவுக்கு என்ன என்று யோசிக்க வேண்டும். இவ்வாக்கியங்களில் எழுவாய் எங்கே? தமிழ் இலக்கணம் இதைத் தோன்றா எழுவாய் என்கிறது. இந்தியில் "கப்டே தோனே ஹைன்" என்றாலும் செய்பவர் தோன்றுவதில்லை. இலக்கணத்தில் மறைந்திருக்கும் அவ்வெழுவாய் வீட்டில் யார் என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை.

இதற்கு இணையான இன்னொரு சொல் "உதவி". முற்போக்கான கணவரைப் பாராட்ட விரும்புவோர், "அவர் வீட்டு வேலையில் மனைவிக்கு உதவுகிறார்" என்கின்றனர். உதவுவது என்றால் வேலை பிறருடையது என்பது முன்னமே முடிவாகிவிட்டது. "மனைவிக்கு" என்பதிலுள்ள நான்காம் வேற்றுமை உருபு பத்திரப் பதிவுபோல அவ்வேலையை ஒருவர் பெயரில் எழுதிவைக்கிறது. தன் ஆய்வேட்டைத் தானே எழுதும் ஒருவரைப் பார்த்து, அவர் தமக்கே உதவிக்கொள்கிறார் என்று எவரும் சொல்வதில்லை. தான் உண்ட தட்டைக் கழுவும் ஆணுக்கு மட்டும் அப்பட்டம் கிடைக்கிறது.

மொழியிலிருந்து எண்ணுக்கு வரலாம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்டனர், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர். ஈடுபட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024 ஆய்வில் அவ்வெண்கள் 289, 88. பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்ததென்று மகிழ்வதற்குள் ஆண்களின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடமாயிற்று. ஐந்தாண்டுகளில் இந்தியக் குடும்பம் நடந்த தொலைவு ஒரு நிமிடம்.

"அன்பை நிமிடக் கணக்கில் அளக்கலாமா?" என்று இங்கே ஒரு குரல் எழும். நீதிமன்றங்கள் அளந்துகொண்டுதான் இருக்கின்றன. பெண் இறந்த பிறகு. சாலை விபத்தில் இல்லத்தரசி இறந்தால் இழப்பீட்டுக்காக அவருடைய உழைப்புக்கு உத்தேச வருமானம் கணக்கிடப்படுகிறது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கீர்த்தி எதிர் ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில் அவ்வாறு கணக்கிடுவதன் நியாயத்தை விரிவாக விளக்கியது. நீதிபதி என்.வி. ரமணா தம் தனித் தீர்ப்புரையில் மேற்சொன்ன 2019 ஆய்வின் எண்களையே எடுத்துக்காட்டினார். உயிரோடிருக்கையில் அன்பு என்று அழைக்கப்படுவது மரணத்துக்குப் பின் உழைப்பாகிறது. அளவிடவே இயலாதது என்றால் அன்றைக்கும் இயலாமல் அல்லவா போக வேண்டும்?

அன்றாடம் காதலைக் கொல்கிறது, கடல் அதை உயிர்ப்பிக்கிறது என்ற கதைக்கு நீண்ட வரலாறு இல்லை. தமிழ்த் திணை மரபு புணர்தலைக் குறிஞ்சி மலைக்கும், இரங்கலை நெய்தற் கரைக்கும், ஊடலை மருதத்திற்கும் உரியதாக வைத்தது. மருத ஊடலுக்குத் தலைவனின் பரத்தையர் ஒழுக்கமே காரணம் என்பதால் அதைப் பொற்காலமாகக் காட்ட வேண்டியதில்லை. ஆயினும் பிணக்கும் காதல் வாழ்வின் உரிப்பொருளே என்று அம்மரபு அறிந்திருந்தது. கடற்கரையைக் கூடலின் களமாக்கியதில் திரைப்படத்துக்கும் சுற்றுலாத் தொழிலுக்கும் பெரும்பங்கு உண்டு. கே. பாலச்சந்தர் 1981-இல் இயக்கிய ஏக் தூஜே கே லியே படத்தில் தமிழ் இளைஞனும் இந்தி பேசும் பெண்ணும் கோவாவில் காதலிக்கிறார்கள், இறுதியில் இறக்கிறார்கள். அக்காதல் அழியாதது என்று கொண்டாடுவது எளிது, ஏனெனில் மறுநாள் காலை யார் பாத்திரம் துலக்குவது என்ற கேள்வியை அவர்கள் சந்திக்கவே இல்லை. ஜான் ஊரி 1990-இல் எழுதிய சுற்றுலா நோக்கு பற்றிய நூல், சுற்றுலா தன் பொருளை அன்றாடத்துக்கு எதிர்நிலையிலிருந்தே பெறுகிறது என்றது. அப்படியானால் அன்றாடம் சகிக்க முடியாததாக நீடிப்பதில்தான் அடுத்த பயணச்சீட்டின் விற்பனை இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு ஒன்று உண்டு. "வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிறோமே." ஆள் என்பவர் பெரும்பாலும் இன்னொரு பெண். தம் வீட்டில் தோன்றா எழுவாயாக இருந்துவிட்டு வந்து, இவ்வீட்டிலும் அப்படியே இருப்பவர். வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011-ஆம் ஆண்டு 189-ஆவது உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அவர் வராத நாளில் யார் விடுப்பெடுக்கிறார்கள் என்று பார்த்தால், பொறுப்பு யாருடையதாக நீடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பல்கலைக்கழகம் இதற்கு வெளியே நிற்கவில்லை. ஆர்லி ஹாக்ஷீல்டு 1989-இல் எழுதிய இரண்டாம் பணிமுறை பற்றிய நூலை வகுப்பில் பாடமாக நடத்திவிட்டு, வீடு திரும்பித் தேநீருக்குக் காத்திருக்கும் பேராசிரியர்கள் அருமையானவர்கள் அல்லர். கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்த பெயரற்ற மனைவியருக்கு நூலாசிரியர்கள் எழுதிய நன்றியுரைகள் 2017-இல் சமூக ஊடகத்தில் திரட்டப்பட்டபோது கல்விப்புலம் சிரித்தது. இன்றைய நன்றியுரைகளில் தட்டச்சு மறைந்து "பொறுமை" வந்திருக்கிறது. விதிகளும் அதே மொழியைப் பேசுகின்றன. நடுவண் அரசு ஊழியருக்கான 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு பெண்களுக்கும் தனித்து வாழும் தந்தையருக்கும் மட்டுமே உரியது. மனைவியுள்ள தந்தைக்குப் பிள்ளைப்பேற்றை ஒட்டிக் கிடைப்பது 15 நாள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறை முனைவர் பட்டக் காலத்தில் 240 நாள் வரை அளிக்கும் விடுப்பும் பெண் ஆய்வாளர்களுக்கானது. மகப்பேற்றுக்குப் பெண்ணுக்கு விடுப்பு தேவை, அதில் விவாதமில்லை. பராமரிப்பையும் அதோடு முடிச்சுப் போட்டு, மனைவி இல்லாத ஆண் மட்டுமே தந்தையாகச் செயல்பட வேண்டியவர் என்று அரசே எழுதிவைப்பதுதான் சிக்கல். விளைவு கண்முன் நிற்கிறது: ஒருவரின் ஆய்வேடு உரிய காலத்தில் முடிகிறது, மற்றவரின் ஆய்வேட்டுக்குக் கால நீட்டிப்பு விண்ணப்பம் எழுதப்படுகிறது.

ஆகவே விடுமுறைக்குப் பிந்தைய வாட்டத்துக்கு மருந்தாக அடுத்த விடுமுறையைப் பரிந்துரைப்போர் நோயையே விற்கிறார்கள். மெழுகுவர்த்தி இரவுணவை வீட்டிலும் தொடருங்கள் என்று அறிவுரை சொல்வோர், அவ்வுணவைச் சமைப்பவர் யார், மெழுகு சொட்டிய மேசையைத் துடைப்பவர் யார் என்று சொல்வதில்லை. கடற்கரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரத்தக்கது ஒன்று இருக்குமானால், அது உண்டபின் இருவரும் ஒன்றாக எழுந்துபோக முடிந்த அந்த நிலை. மூன்றாமவரின் கையில்லாமல் அதை அடைய ஒரே வழி, இருவரும் ஒன்றாக எழுந்து தொட்டிக்குப் போவது. பராமரிப்பு விடுப்பு பெற்றோர் இருவருக்கும் பொதுவாக வேண்டும். ஒவ்வொரு வளாகத்திலும் குழந்தைகள் காப்பகம் வேண்டும். வீட்டின் ஒவ்வொரு "வேண்டும்" என்ற வாக்கியத்துக்கும் எழுவாய் வேண்டும். பெட்டியைத் திறந்து மணலேறிய துணியை எடுக்கும் அந்த இரவே அதற்கு உகந்த நேரம். "துணியைத் துவைக்க வேண்டும்" என்று ஒருவர் சொன்னதும் மற்றவர் கேட்க வேண்டிய கேள்வி, "யார்?"