இடம் கொடுத்துவிட்டு அறையை மறுப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு தொடங்கும்போது மாற்றுத்திறனாளி மாணவர்களைச் சிறப்புப் பிரிவில் முதலிலேயே அழைத்து, பொதுப்பிரிவுக்கு முன்னதாக இடத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதே மாணவர் சேர்க்கைக் கடிதத்தோடு விடுதி அலுவலகத்துக்குப் போனால், அந்த முன்னுரிமை வாசலோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் மாடியில் அறை, நடைக்கூடத்தின் கோடியில் பொதுக் கழிவறை, லிஃப்ட் கிடையாது. முடிந்தால் தங்கலாம், இல்லாவிட்டால் வெளியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் பல கல்லூரிகளில் நிலைமை. வெளியே பார்த்துக்கொள்ள என்ன செலவாகும், அதை யார் கொடுப்பது என்று கேட்டால் பொறுப்பான பதில் கிடைப்பதில்லை. குறைபாட்டின் காரணமாகக் கூடுகிற தங்கும் செலவை மாணவர் தலையில் சுமத்தினால், கொடுத்த இட ஒதுக்கீட்டை மறுகையால் பறித்ததாகும். அந்தக் கூடுதல் செலவைக் கல்வி நிறுவனமும் அரசும்தான் ஏற்க வேண்டும்.

ஏதோ ஓர் அறை கிடைத்தால் போதாதா என்று கேட்பவர்கள், பழைய விடுதி ஒன்றில் கழிவறைக் கதவை அளந்து பார்க்கட்டும். இரண்டரை அடிக் கதவு வைப்பதே நம் கட்டடங்களில் வழக்கம்; கதவு திறந்த பிறகு கிடைக்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்லும் அளவு 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்றடி. இந்த அரையடியில்தான் சக்கர நாற்காலி வெளியே நின்றுவிடுகிறது. தண்ணீர் வழியாமலிருக்க வாசலில் கட்டிய தடுப்பு, உள்ளே மேடைமேல் இந்தியக் கழிப்பறை, பிடித்து எழ ஒரு கம்பிகூட இல்லை என்று மற்றவையும் சேர்ந்தால், அங்கே தங்குகிறவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ள வேண்டிவரும். ஆகவே வெளியே அறை தேடுகிறார்கள். தரைத்தளம், அறையோடு சேர்ந்த குளியலறை, மேற்கத்தியக் கழிப்பறை, கல்லூரிக்கு அருகாமை ஆகிய நான்கும் இவர்களுக்கு அடிப்படைத் தேவைகள். வீட்டு உரிமையாளருக்கோ ஒவ்வொன்றும் வாடகையைக் கூட்டக் காரணம். மற்ற மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மொட்டைமாடி அறை எடுப்பார்கள், ஊருக்கு வெளியே மலிவாகப் பிடித்துப் பேருந்தில் வருவார்கள். சிக்கனத்தின் அந்த வழிகள் இவர்களுக்கு அடைபட்டவை. துணைக்கு அம்மா வந்து தங்கினால் முழு வீடே எடுக்க வேண்டும். அம்மா கூலி வேலைக்குப் போகிறவர் என்றால் அந்த வருமானமும் நின்றுபோகும். விடுதிக்குள்ளேயே உதவியாளரை வைத்துக்கொள்ளலாமே என்றால், பல விடுதிகளில் மெஸ் செலவு டிவைடிங் சிஸ்டத்தில் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கப்படுகிறது. உதவியாளரும் ஒரு தலை. அந்தப் பங்கும் மாணவரின் மெஸ் பில்லில்தான் ஏறும்.

இதற்கு எதிரே அரசு கொடுப்பது என்ன? மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், தொழிற்கல்விப் பட்டப்படிப்பு படிக்கும் விடுதி மாணவருக்குப் பராமரிப்புப் படி மாதம் 1,600 ரூபாய். சாதாரணப் பட்டப்படிப்பு என்றால் 950 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால்தான் இதுவும். குறைபாட்டால் வரும் செலவுக்கென்று தனியாக ஒரு படி உண்டு: பார்வையற்றவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஆண்டுக்கு 4,000 ரூபாய், மற்ற எல்லாருக்கும் ஆண்டுக்கு 2,000 ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் 170 ரூபாய்கூட வரவில்லை. அரசுக்கு வெளியுலக வாடகை தெரியாது என்று சொல்ல முடியாது. 2024இல் ஜி.எஸ்.டி. கவுன்சில், கல்வி வளாகத்துக்கு வெளியே இருக்கும் விடுதிகளில் தொடர்ந்து 90 நாள் தங்குவோருக்கு, ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு வரிவிலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. குறைபாடு இருந்தால் செலவு கூடும் என்பதும் அரசுக்குத் தெரியும். மத்திய அரசு ஊழியர் மாற்றுத்திறனாளி என்றால் அவருக்குப் போக்குவரத்துப் படி இரு மடங்கு. சம்பளம் வாங்குகிறவருக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை, சம்பாத்தியமே இல்லாத மாணவருக்கு மறுப்பது எந்த முறையில் சேர்த்தி?

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உயர்கல்வியில் 5 சதவீத இடங்களை அரசு நிறுவனங்களுக்கும் அரசு உதவி பெறும் நிறுவனங்களுக்கும் மட்டுமே கட்டாயமாக்குகிறது. ஆனால் கட்டடமும் வளாகமும் வசதிகளும் எல்லாரும் பயன்படுத்தத் தக்கவையாக இருக்க வேண்டும், தனிப்பட்ட தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்னும் 16ஆம் பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. சுயநிதிக் கல்லூரிகள் விலகிக்கொள்ள வழியில்லை. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களுக்குத் தருவதைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. கூடுதல் செலவு என்ற கொள்கையைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பழைய பொதுக் கட்டடங்களைச் சீராக்கக் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. முழுப் பார்வையிழப்பு உள்ள ஒரு மாணவர் இரண்டாவது முதுகலைப் படிப்பில் சேர்ந்ததால் விதிப்படி அறை கிடையாது என்று ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் மறுத்தபோது, 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு வளாக விடுதியிலேயே இலவசமாக இடம் தரச் சொன்னது. விடுதிக் கையேட்டின் விதி சட்டத்துக்கு மேலானதல்ல என்பதைத்தான் இதிலிருந்து நம் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாணவரும் வழக்குப் போட்டுத்தான் அறை வாங்க வேண்டுமா?

வருவதே சில பேர், அவர்களுக்காக இவ்வளவு செலவா என்ற ஆட்சேபம் நிர்வாகங்களிடமிருந்து முதலில் வரும். சில பேர்தான், உண்மை. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2020-21இல் உயர்கல்வியில் இருந்த சுமார் 4.14 கோடி மாணவர்களில் மாற்றுத்திறனாளிகள் 79,035 பேர். ஆயிரத்துக்கு இரண்டு பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கிலோ அவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல். கல்லூரிப் படிப்புக்கு முன்பே பள்ளியில் நின்றுபோனவர்களும் இந்த இடைவெளியில் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் தங்க இடமில்லாத ஊரில் சேர்வதற்கு யார் துணிவார்கள்? எண்ணிக்கை குறைவு என்பது செலவும் குறைவு என்றுதான் பொருள்படும். கைவிடுவதற்கு அது காரணமாகாது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்டவும் யாரும் கேட்கவில்லை. தரைத்தள அறைகளை முதலில் இவர்களுக்கு ஒதுக்கக் காசே வேண்டாம். ஒரு தளத்தில் ஒரு கழிவறையின் கதவை அகலமாக்கி, தடுப்பை எடுத்து, கம்பி பொருத்தி, வாசலில் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் சாய்தளம் போடுவது கோடை விடுமுறையில் முடிகிற கொத்தனார் வேலை. தவிர, எல்லாருக்கும் சாய்தளம் தேவைப்படுவதுமில்லை. சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஹீமோபீலியாவும் ஒன்று; அந்த மாணவருக்கு மருந்தை வைக்கக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். மின்சாரச் சக்கர நாற்காலிக்கு இரவில் சார்ஜ் ஏற்ற ஒரு பிளக் வேண்டும். அறையில் மின்சாதனங்களுக்குத் தடை என்ற விதியைக் காட்டி இவற்றை மறுக்கும் வார்டனுக்கு, விலக்கு அளிக்க ஒரு கையெழுத்துப் போதும்.

மாவட்டத் தலைநகரில் தனியாக ஒரு சிறப்பு விடுதி கட்டிவிட்டால் ஆயிற்றே என்ற யோசனையும் அடிக்கடி எழுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நூலகமும் ஆய்வகமும் நண்பர்களும் இருப்பது கல்லூரி வளாகத்தில். விடுதியை ஊரின் மறுமுனையில் வைத்தால் தினசரி ஆட்டோ செலவு வாடகையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கூடப் படிப்பவர்களோடு இரவு உட்கார்ந்து பாடம் பேசுவதும் கல்வியின் பாதி. அதிலிருந்து விலக்கி வைப்பது எவ்வளவு நல்ல கட்டடத்தில் என்றாலும் விலக்கிவைப்புதான். ஏழை மாணவர்கள் எல்லாருமே வாடகைக்குத் திண்டாடும்போது இவர்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். எல்லாரும் கட்டும் அதே விடுதிக் கட்டணத்தை இவர்களும் கட்டட்டும். அதற்கு மேல் குறைபாட்டினால் ஆகும் வித்தியாசத்தை மட்டும்தான் ஏற்கச் சொல்கிறோம். போலிச் சான்று அச்சம் இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை வைத்துச் சரிபார்ப்பது கடினமில்லை.

எனவே உயர்கல்வித் துறை வரும் கல்வியாண்டின் கலந்தாய்வு விண்ணப்பத்திலேயே விடுதித் தேவையைக் கேட்டு, இட ஒதுக்கீட்டு ஆணையோடு அறை ஒதுக்கீட்டையும் தர வேண்டும். வீடு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து விடுதியில் இடம் தரும் தூரக் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது என்று அறிவிக்க வேண்டும். ஊன்றுகோலோடு இரண்டு பேருந்து மாறி வருகிறவருக்கு உள்ளூர் என்ற சொல்லால் பயனில்லை. வளாகத்தில் தகுந்த அறை இல்லையென்றால், நிர்வாகமே அருகில் வாடகைக்கு எடுத்துக் கொடுத்து, மாணவரிடம் விடுதிக் கட்டணத்தை மட்டும் வாங்கட்டும். உதவியாளரின் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் மாணவரிடம் வசூலிப்பதை நிறுத்தட்டும். ஆண்டுக்கு 2,000 ரூபாய் என்றிருக்கும் படியை, இன்றைய வாடகையையும் உதவியாளர் கூலியையும் கணக்கிட்டு மத்திய அரசு திருத்தி அமைக்க வேண்டும். அதுவரை வித்தியாசத் தொகையை மாநில அரசு மாணவரின் வங்கிக் கணக்கில், தேர்வு முடிந்த பிறகல்லாமல் ஜூன், ஜூலையில் முன்பணம் கட்ட வேண்டிய நேரத்திலேயே செலுத்த வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.