மலிவான வீடியோ அழைப்பு எது?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தாராவி 90 அடி ரோட்டிலோ, சயான் கோலிவாடாவிலோ, செம்பூரிலோ நம்மவர் வீடுகளின் பக்கம் நடந்தால் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே செல்போனின் முன்னே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். "ஆச்சிகிட்டப் பேசு" என்று தாய் குழந்தையை முன்னே தள்ளுவாள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் திண்ணையில் இருக்கும் ஆச்சி, "முகமே தெரியலியே, வெளிச்சத்துக்கு வாங்க" என்பாள்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்த நகருக்குப் பிழைக்க வந்தவர்கள் கனவிலும் எண்ணாத வசதி இது. அன்று ஊரோடு பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரில் நம் வீட்டில் டெலிபோன் ஏது? மளிகைக் கடைக்காரரின் எண்ணைக் கொடுத்து "பி.பி. கால்" கேட்போம். அவர் ஆள் அனுப்பி அம்மாவை அழைத்து வர வேண்டும். பேசக் கிடைப்பது மூன்று நிமிடம். அதிலும் ஒரு நிமிடம் அழுகையில் போய்விடும். பிறகு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. இரவில் கட்டணம் குறையும் நேரம் பார்த்து வரிசையில் நிற்போம். பேசும்போதே கண் மீட்டரின் மேல் இருக்கும். பலருக்கு மணியார்டர் பாரத்தில் செய்தி எழுத விட்டிருந்த சிறு இடமே மாதக் கடிதமாக இருந்தது.

அந்தக் கஷ்டம் தீர்ந்தது. இப்போது வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. "வீட்டு உபயோகத்துக்கு எந்த வீடியோ சேவை மலிவு? எதை வைத்துக் கொள்ளலாம்?" என்று நண்பர்கள் பலரும் கேட்கிறார்கள். கையில் எண்ணி வாங்கும் சம்பளத்தில், பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு வாழ்பவர்கள் கேட்கும் நியாயமான கேள்விதான் அது. இதற்கு என் பதில் இதுவே: நம் கையில் உள்ள செல்போனைப் பார்த்து இதை முடிவு செய்யக்கூடாது. ஊரில் இருக்கும் வயதானவரின் செல்போனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இரு பக்கச் செலவு

டிரங்க் கால், எஸ்.டி.டி. காலத்தில் கூப்பிட்டவர்தான் பணம் கொடுத்தார். எதிர்முனையில் பேசியவருக்குக் காலணா செலவில்லை. அந்தப் பழக்கம் நம் மனத்தில் ஊறிவிட்டது. "நான்தானே கூப்பிடுகிறேன், அம்மாவுக்கு என்ன செலவு?" என்று இன்றும் நினைக்கிறோம். அது தவறு. வீடியோ அழைப்பில் இரு பக்கமும் டேட்டா கரைகிறது. நாம் கூப்பிட்டாலும் அம்மாவின் கணக்கிலிருந்தும் அதே அளவு போகும்.

எவ்வளவு போகும்? இருவர் மட்டும் தெளிவான படத்துடன் பேசினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ அரை ஜி.பி. போகும் என்று கொள்ளலாம். படத்தின் தரம் குறைந்தால் இதுவும் குறையும். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் கூடும். நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. தரும் திட்டத்தில் ஒரு மணி நேரப் பேச்சு மூன்றில் ஒரு பங்கை எடுத்துக் கொள்ளும். அன்று பகலிலேயே பையன் கிரிக்கெட் ஆட்டம் பார்த்து மீதியை முடித்திருந்தால், இரவில் அழைப்பு வராது. வந்தாலும் முகம் கல்லாய் உறைந்து நிற்கும். நாளைய அளவு தீர்ந்த பின் பல திட்டங்களில் வேகம் 64 கே.பி.பி.எஸ். என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த வேகத்தில் படம் ஓடாது.

சேவை இலவசம் என்று சொல்வதெல்லாம் உண்மையே. ஆனால் ரீசார்ஜ் இலவசமில்லை. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. 28 நாளுக்கு ஒரு தடவை ரீசார்ஜ் செய்பவர் ஆண்டுக்குப் பன்னிரண்டல்ல, 13 தடவை பணம் கட்டுகிறார். ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022-ல் உத்தரவிட்டது. அதைக் கேட்டு வாங்குவோர் சிலரே. 2025 ஜனவரி முதல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களும் வந்துள்ளன. மலிவு என்று அம்மாவுக்கு அதைப் போட்டுவிட்டு வீடியோ வரவில்லையே என்று வருந்துபவர்களும் உண்டு. அந்தத் திட்டத்தில் டேட்டாவே கிடையாது.

சேவைகளின் தராதரம்

இனிச் சேவைகளைப் பார்ப்போம். வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு 2016 நவம்பரில் வந்தது. நேர வரம்பு இல்லை, கட்டணம் இல்லை, ஒரே அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். கூகுள் மீட்டில் இருவர் பேசினால் 24 மணி நேரம் வரை தடையில்லை. மூவரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவசக் கணக்கில் 60 நிமிடம். ஜூம் இலவசமாக 40 நிமிடம் தருகிறது; 100 பேர் சேரலாம். சிக்னல் லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது, அதற்கும் கட்டணமில்லை. ஐபோனில் உள்ள ஃபேஸ்டைம் இரு பக்கமும் ஐபோன் இருந்தால்தான் முழுப் பயன் தரும்; நம்மில் எத்தனை பேருக்கு அது பொருந்தும்?

சீமந்தம், நிச்சயதார்த்தம் என்று ஐம்பது அறுபது உறவினரை ஒரே சமயத்தில் கூட்ட வேண்டுமானால் ஜூமோ மீட்டோ உதவும். நேரம் முடிந்தால் மறுபடி ஒருமுறை கூட்டிக் கொள்ளலாம். அதற்காக ஆயிரக்கணக்கில் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டியதில்லை. கம்பெனிக் கூட்டம் நடத்துபவருக்கு அது தேவை. நம் வீட்டுக்குத் தேவையில்லை.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். இந்தச் சேவைகள் நிலையானவை அல்ல. ஒரு காலத்தில் வெளிநாட்டில் பிள்ளை இருந்த வீடுகளில் ஸ்கைப் என்ற பெயரே வீடியோவுக்கு மறுபெயராக இருந்தது. 2025 மே மாதம் அது மூடப்பட்டது. கூகுள் டூவோ 2022-ல் மீட்டுடன் இணைந்தது. ஆகவே, இலவசமாகக் கிடைப்பதற்கு முன்பணம் கட்டி மாட்டிக் கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது.

ஒரு தாயின் கேள்வி

பாண்டுப்பில் குடியிருக்கும் என் நண்பர் ஒரு தனியார் அலுவலகத்தில் குமாஸ்தா. அலுவலகத்தில் பழகிய சேவை என்பதால் ஊருக்குப் போனபோது தாயாரின் செல்போனிலும் அதையே ஏற்றிவிட்டு வந்தார். படம் தெளிவு, குரல் தெளிவு. குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணையும் இரகசியக் குறியையும் அடிக்க வேண்டும். தாயாருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு கண்ணில் புரை. பக்கத்து வீட்டுப் பையன் வந்து போட்டுக் கொடுத்துக் கொண்டிருந்தான். அவன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான்.

மூன்று ஞாயிறு தொடர்பு கிடைக்கவில்லை. நண்பரும் "சிக்னல் இல்லை போலிருக்கிறது" என்று இருந்துவிட்டார். நான்காவது வாரம் தாயார் யாரையோ பிடித்துச் சாதாரணப் பேச்சழைப்பில் கூப்பிட்டார். எடுத்ததும் கேட்ட கேள்வி: "ஏலே, எம்மேல எதும் கோவமா?"

நண்பர் இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. சேவை இலவசம்தான். ஆனால் அந்தத் தாய் மூன்று வாரம் எதை நினைத்து இரவில் படுத்திருப்பாள்? அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது? பழைய பி.பி. காலில் மளிகைக் கடைக்காரரின் தயவு வேண்டியிருந்தது; இந்த ஏற்பாட்டில் பக்கத்து வீட்டுப் பையனின் தயவு வேண்டியிருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவேதான் சொல்கிறேன்: வயதானவர் பிறர் உதவியின்றித் தாமே எடுத்துப் பேசவும், தாமே கூப்பிடவும் முடிகிற சேவைதான் மலிவான சேவை. இன்றைய நிலையில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அது வாட்ஸ்அப்பாகவே இருக்கும். அது மற்றவற்றைவிட உயர்ந்தது என்பதற்காக அல்ல. அந்தச் செல்போனில் அது ஏற்கெனவே இருக்கிறது, மணி அடித்தால் எடுத்தால் போதும், தமிழிலும் வைத்துக் கொள்ளலாம் என்பதற்காக. அம்மா வேறொன்றில் பழகியிருந்தால் நாம்தான் அதற்கு மாற வேண்டும். படித்த நாம் மாறுவது எளிது.

செய்ய வேண்டியவை

ஊருக்குப் போகும்போது வீட்டின் எந்த இடத்தில் எந்தக் கம்பெனியின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று பார்த்து, அந்தக் கம்பெனியின் சிம்மையே வாங்கிக் கொடுங்கள். மும்பையில் நன்றாக எடுப்பது அங்கே எடுக்கும் என்பதில்லை. எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள். உங்கள் பெயரும் படமும் திறந்தவுடன் முகப்பிலேயே தெரியும்படி வையுங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் டேட்டா பற்றிய பிரிவில், அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டாவைப் பயன்படுத்தச் சொல்லும் வசதி உண்டு. இரு செல்போன்களிலும் அதைப் போட்டுவிடுங்கள். பிறகு நீங்கள் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டு, அம்மாவைத் தாமாகவே கூப்பிடச் சொல்லுங்கள். ஐந்தாறு தடவை செய்தால் கை பழகிவிடும்.

அம்மாவின் ரீசார்ஜ் முடியும் தேதியை உங்கள் வீட்டுக் காலண்டரில் குறித்து, இங்கிருந்தே செய்துவிடுங்கள். மணியார்டர் அனுப்பத் தவறாத நாம் இதிலும் தவறக்கூடாது. வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மற்ற நாட்களில் சாதாரணப் பேச்சே போதும். பெரும்பாலான திட்டங்களில் அதற்குத் தனிக் கட்டணமில்லை.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி, "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் நாடெங்கும் உலவுகிறது. அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. தெரியாத எண்ணிலிருந்து வீடியோ வந்தால் எடுக்க வேண்டாம், யார் சொன்னாலும் திரையைப் பகிர வேண்டாம், ஓ.டி.பி. எண்ணைச் சொல்ல வேண்டாம் என்று பெரியவர்களுக்குப் பலமுறை சொல்லி வையுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும்.

குழந்தைகளுக்கும் வேண்டும்

"இவ்வளவு சிரமம் எதற்கு? குரல் கேட்டால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். பெரியவர்களுக்குப் போதலாம். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குப் போதாது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தியும் மராத்தியும் என்று வளரும் குழந்தைக்குத் தமிழ் கேட்கும் இடங்கள் சில. ஆச்சியின் முகத்தைப் பார்த்து, அவள் காட்டும் கன்றுக்குட்டியையும் முருங்கை மரத்தையும் பார்த்து அது கற்கும் சொற்களை எந்தப் பாடப்புத்தகமும் தராது. வாரம் அரை மணி நேரம் ஆச்சியோடு பேசும் பேரன், ஊருக்குப் போனால் அந்நியனாக நிற்க மாட்டான்.

அதே சமயம், வீடியோவில்தான் பார்க்கிறோமே என்று ஊருக்குப் போவதைத் தள்ளிப் போடும் வழக்கமும் சிலரிடம் காணப்படுகிறது. அது கூடாது. முகத்தைக் காட்டும் கருவி கை பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாது. பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் கிடைப்பது கடினம்தான். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். போனதும் அரை நாள் ஒதுக்கி அம்மாவின் செல்போனைச் சரி செய்து கொடுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று இருக்கிறது: அம்மாவின் ரீசார்ஜ் என்று முடிகிறது என்பதை இன்றிரவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.