மறுபடியும் பேசலாமா?

அம்பத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், போன வாரம் நான் வடாம் பிழிந்து கொண்டிருந்தபோது அருகில் வந்து உட்கார்ந்தாள். எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு உத்தியோகம்.

"மாமி, இரண்டு வருஷத்துக்கு என்னை லண்டனுக்கு அனுப்புகிறார்கள்" என்றாள்.

1964-ல் தொடங்கிய நம் தொழிற்பேட்டையிலிருந்து இன்று பெண்கள் சீமைக்குப் போகிறார்கள்! சந்தோஷமான சமாசாரம்தானே? ஆனால் அவள் முகத்தில் அதைக் காணோம்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. அவளுடன் ஒரே குழுவில் வேலை பார்த்த பையனும் அவளும் பிரியமாக இருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அவன் லண்டன் போனான். முதலில் தினமும் டெலிபோன். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து. சண்டை ஒன்றுமில்லை. விளக்கில் எண்ணெய் வற்றுவது போல வற்றி விட்டது. இப்போது மறுபடியும் அதே குழு.

"நானாகப் பேச்சை எடுத்தால் கௌரவக் குறைவா, மாமி?"

சகோதரிகளே, ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உங்கள் வீட்டுப் பெண்ணும் இதே கேள்வியை மனத்துக்குள் வைத்துக் கொண்டிருக்கலாம். அவளுக்கு நான் சொன்னது விஞ்ஞானி சந்திரசேகர், லலிதா தம்பதியின் கதை.

சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் இருவரும் பௌதிகம் படித்தவர்கள். லலிதா ஒரு வகுப்புக் கீழே. அங்கேதான் பிரியம் மலர்ந்தது. 1930 ஜூலைக் கடைசியில் சந்திரசேகர் பம்பாயில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் போனார். ஆறு வருஷம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, தபால்தான். அடுத்த வருஷமே அவருடைய தாயார் காலமானார். 1935 ஜனவரியில், நட்சத்திரங்களின் முடிவைப் பற்றி அவர் போட்ட கணக்கை எட்டிங்டன் என்ற பிரபல வானநூல் நிபுணர் சபை நடுவே பரிகசித்தார். கல்யாணமே வேண்டாம், ஆராய்ச்சி போதும் என்றுகூட சந்திரசேகருக்குத் தோன்றியதுண்டு.

1936-ல் ஊர் திரும்பி லலிதாவை நேரில் பார்த்தார். அந்த செப்டம்பரிலேயே கல்யாணம்! பிறகு அமெரிக்கா. 1983-ல் நோபல் பரிசு பெற்றபோது, லலிதாவின் பொறுமையும் ஆதரவுமே தம் வாழ்க்கைக்கு ஆதாரம் என்ற கருத்தில் எழுதினார். 1995-ல் அவர் மறையும் வரை, ஏறக்குறைய 59 வருஷ இல்லறம்.

ஆறு வருஷக் கடிதங்கள் தீர்க்காத சந்தேகத்தை நேரில் பார்த்த சில நாட்கள் தீர்த்து விட்டன. ஆகவே, பேச்சை எடுப்பதில் கௌரவக் குறைவே இல்லை. ஆனால் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது, விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது. மூன்று வருஷத்தில் அவனும் மாறியிருப்பான், நீயும்தான். "ஏன் டெலிபோன் செய்யவில்லை?" என்று பழைய கணக்கைப் பிரிக்காதே. புதிதாக அறிமுகமாவது போலப் பழகிப் பார். மார்கழியில் அங்கே மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்தத் தனிமையில் தமிழ் பேசுகிற யாரும் உயிருக்கு உயிராகத் தோன்றுவார்கள். அதையே அன்பு என்று எண்ணி அவசரப்படாதே.

இரண்டாவது, ஒரு விடுமுறை நாளில், ஆபீசுக்கு வெளியே, ஒரே தடவை தெளிவாகக் கேள். "வேண்டாம்" என்றால் அதோடு விட்டுவிடு. மறுநாளும் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியவர்கள் நீங்கள். அந்த உத்தியோகம் நீயே சம்பாதித்தது. ஒருவனுடைய பதிலுக்காக அதைக் கெடுத்துக் கொள்ளாதே.

மூன்றாவதுதான் முக்கியம். கல்யாணத்துக்குப் பிறகு லலிதா பௌதிக ஆராய்ச்சியைத் தொடரவில்லை. அந்தக் காலத்தில் அது அவர் தேர்ந்துகொண்ட வழி. உன் வழி எது என்பதை நீ முன்கூட்டியே யோசித்து வை. "இருவரில் ஒருவருக்கு மட்டும் ஊர் மாற்றம் வந்தால் என்ன செய்வோம்?" என்று அவனிடம் கேட்டுவிடு. அதற்கு அவன் சொல்லும் பதிலில் அவன் மனசு தெரிந்துவிடும்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எழுந்திருக்கும்போது, "மாமி, பருப்புப் பொடி கொஞ்சம் அதிகமாகவே இடித்துக் கொடுங்கள்" என்றாள்.

ஒருவருக்கா, இருவருக்கா என்று நான் கேட்கவில்லை.